மூன்று தெரு தள்ளி அழுத குழந்தை

தடுப்பூசி போட்டுக்கொண்ட நாளிலிருந்து லிஃப்ட் மெக்கானிக்கின் ஒன்பது மாதக் குழந்தை வாயைத் திறப்பது ஓரிடமாகவும் அதன் சத்தம் கேட்பது வேறோரிடமாகவும் ஆனது. வாய் அவர்கள் வீட்டில் திறந்தது. சத்தம் மூன்று தெரு தள்ளி, ஊசி போட்ட நர்ஸம்மாவின் சமையலறையில் கேட்டது. அந்த வருடம்தான் குடிநீர் வரியைக் கூட்டினார்கள், பழைய சினிமாக் கொட்டகையை இடித்துவிட்டு வண்டி நிறுத்துமிடம் கட்டினார்கள், இதுவும் நடந்தது.

குழந்தையின் அம்மா வீட்டிலேயே மெஷின் போட்டு, துணி கம்பெனிக்காகச் சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள். மெஷின் ஓடும்போது வீட்டில் வேறெதுவும் காதில் விழாது என்பதால், அடிக்கொரு தரம் நிறுத்திவிட்டுக் குழந்தை அழுகிறதா என்று கேட்பது அவள் வழக்கம். அன்றும் நிறுத்தினாள். ஒரு சத்தமும் இல்லை. நல்ல பிள்ளை, ஊசி போட்டும் தூங்குகிறதே என்று மறுபடி மிதிக்கப் போனவள், எதற்கோ திரும்பிப் பார்த்தாள். குழந்தை முகமெல்லாம் சிவந்து, கண்ணீர் வழிய, உள்நாக்குத் தெரிய வாயைப் பிளந்து கதறிக்கொண்டிருந்தது. மெஷின் சத்தத்தில் தன் காதுதான் போய்விட்டதென்று நினைத்தாள். கத்தரிக்கோலைத் தரையில் போட்டுப் பார்த்தாள், அது நன்றாகவே கேட்டது. டாக்டர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். சரியாக இருந்த தொண்டையைத் தூக்கிக்கொண்டு அவள் வீடு திரும்பினாள்.

நர்ஸம்மா அன்று வழக்கத்தைவிட அதிகச் சுமையோடு வீட்டுக்குப் போயிருந்தார். தனிக்கட்டை. சுகாதார நிலையத்தில் புதுச் சாமான்கள் வந்து இறங்கியிருந்ததால், பழைய தராசு, கால் ஆடும் முக்காலி, மருந்துப் புட்டிகளை ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போகும் நீலப் பெட்டி எல்லாவற்றையும் இனி உதவாது என்று கண்டம் செய்து கணக்கிலிருந்து கழித்துவிட்டார்கள். நீலப் பெட்டிக்கு மூடியின் கீல் ஒன்றுதான் போயிருந்தது. உடைத்துக் குப்பையில் போட வேண்டும் என்பது உத்தரவு. நல்ல பெட்டியை உடைக்க அவருக்கு மனசு வரவில்லை, வெங்காயம் போட்டு வைக்க ஆகும் என்று கொண்டுவந்து சமையலறை மூலையில் தள்ளிவிட்டார். அன்று மாலை தேநீர் வடிகட்டும்போது மூலையில் ஒரு குழந்தை அழுதது. அவருக்குப் பயமே வரவில்லை. ஊசி போடுகிறவர்களுக்கு ஒவ்வொரு குழந்தையின் அழுகையும் தனித்தனியாக ஞாபகம் இருக்கும், இது மூச்சை இழுத்து இழுத்து அழும் மெக்கானிக் வீட்டுக் குழந்தை என்று உடனே தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் போய்ச் சொன்னார்.

"உங்க பொண்ணு எங்க வீட்டுல அழறாம்மா. வந்து ஒரு தடவ பாருங்களேன்."

அதன்பின் சில வாரங்கள் தாயும் பிள்ளையும் நர்ஸம்மாவின் சமையலறையில்தான் கிடந்தார்கள். குழந்தை மடியில் இருக்கும், சிரிப்பு மூலையிலிருந்து வரும். அம்மா சுவரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். போனில் அந்தச் சத்தத்தை வீட்டுக்கு அனுப்ப முடியுமா என்று முயன்று பார்த்தார்கள், மறுமுனையில் ஐஸ் உருகிச் சொட்டும் சத்தம் மட்டுமே கேட்டது. பதிவு செய்து பார்த்தபோதும் அதே சொட்டுச் சத்தம்தான். நேரில் வந்து கேட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. காஜா எடுக்க வேண்டிய சட்டைகளை அங்கேயே கொண்டுவந்து கையால் தைத்தாள்.

ஆனால் வீட்டில் ஒரு கஷ்டம் என்றால் சும்மா இருக்க விடுகிற சொந்தபந்தம் எங்கே இருக்கிறது? ஊசி போட்டுத்தானே இப்படி ஆச்சு, கேஸ் போடு என்று சித்தப்பா முறையில் ஒருவர், பெரியப்பா முறையில் ஒருவர் என்று ஆளுக்கு ஆள் மெக்கானிக்கின் காதைக் கடித்தார்கள். அவன் பெரிய ஆஸ்பத்திரியில் மகளைக் காட்டப் பணம் வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தவன். கேஸ் போட்டான். ஊரில் எல்லோரும் 'வாய்தா' என்று கூப்பிடும் வக்கீலைப் பிடித்தான், எந்த வழக்கையும் அடுத்த தேதிக்குத் தள்ளிவைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மனு பதிவான மறுநாளே சுகாதாரத் துறையிலிருந்து நர்ஸம்மாவுக்கு உத்தரவு வந்தது. வழக்கு முடியும்வரை மனுதாரரை வீட்டுக்குள் விடக் கூடாது, ஒரு வார்த்தை பேசக் கூடாது, மீறினால் வேலை இருக்காது. குரல் கேட்கும் ஒரே இடம் அப்படித்தான் அடைபட்டது. அன்று சமையலறையிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் புருஷனிடம் இரண்டு நாள் பேசவில்லை. அந்த வீட்டில் அதோடு இரண்டு பேர் சத்தம் இல்லாமல் போயிற்று.

பேசக் கூடாது என்றுதான் உத்தரவில் இருந்தது. மிஸ்டு கால் கொடுக்கக் கூடாது என்று இல்லை. முதலில் செய்தது நர்ஸம்மாதான். மூலையில் அழுகை கேட்டதும் அம்மாவின் போனுக்கு அடித்து உடனே வைத்துவிடுவார். அம்மா மெஷினுக்கு முன்னால் போனை வெளிச்சம் தெரியும்படி நிமிர்த்தி வைத்திருப்பாள், விளக்கு மின்னியதும் எழுந்து ஓடுவாள். பசி அழுகைக்குச் சின்னதாக ஓர் அடி, விழுந்து அடிபட்ட அழுகைக்கு நீளமாக. தூக்கத்தில் சிணுங்கினால் அடிப்பதில்லை, தானாகவே அடங்கிவிடும் என்று நர்ஸம்மாவுக்குத் தெரியும். பக்கத்து அறையில் படுத்திருக்கும் பிள்ளைக்குப் பசிக்கிறது என்று மூன்று தெருவுக்கு அப்பாலிருந்து தகவல் வந்தது, அவளும் பால் புகட்டினாள். இப்படியே குழந்தை வளர்ந்தது. ஒரு நாள் போன் மின்னியது, நிற்கவேயில்லை. வைத்து வைத்து மறுபடி மறுபடி அடித்துக்கொண்டே இருந்தது. என்னவோ ஏதோ என்று பதறிப்போய் அவள் ஓடினால், குழந்தை வயிறு நிறைந்து, துணி காய்ந்து, கட்டிலின் கம்பியைப் பிடித்து நின்றபடி அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் தடவிப் பார்த்தாள். ஒரு காயமும் இல்லை. ஏன் அடித்தார்கள் என்று கேட்கவும் வழியில்லை, அதை மனதில் போட்டு வைத்தாள்.

குழந்தை பேச ஆரம்பித்ததும் அம்மா உதட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, வேண்டியிருந்தது, வந்துவிட்டது. தண்ணி, பொம்மை, போகலாம் எல்லாம் பிடிபட்டன. ஆனால் அம்மாவும் அப்பாவும் உதட்டில் ஒரே மாதிரிதான் இருக்கின்றன என்பதை அந்த வீட்டில்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். மகள் உதட்டை மூடித் திறந்தால், "என்னத்தான் கூப்புடறா" என்று மெக்கானிக் லிஃப்ட் கிரீஸ் கையோடு எழுவான். "உங்கள எதுக்குக் கூப்புடறா, என்னையில்ல பாத்தா" என்று அவள் மல்லுக்கு நிற்பாள். மகள் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பாள். அவளுக்குத் தன் குரல் எப்படி இருக்கும் என்று நினைவில் இருக்க நியாயமில்லை.

வழக்கு வாய்தாவின் பெயரைக் காப்பாற்றியபடி நடந்தது. தீர்ப்பாயத் தலைவர் வருடம் முழுக்க ஜலதோஷம் பிடித்த ஒரு அம்மையார், கைக்குட்டைக்குப் பின்னாலிருந்துதான் எல்லாவற்றையும் கேட்பார். குரல் இருக்குமிடம் தெரியும் என்று மனுதாரரே சொல்லும்போது அது எப்படி இழப்பாகும் என்று துறையின் வக்கீல் கேட்டார். இருக்குமிடம் தெரிந்த பொருளைத் தொலைந்துபோனது என்று யாராவது சொல்வார்களா? வாய்தா எழுந்து, உங்கள் பல்செட் என் வீட்டு அலமாரியில் இருந்தால் உங்களால் முறுக்கு கடிக்க முடியுமா என்றார். துறையின் டாக்டர் வந்து, அன்றைக்கு அதே மருந்து போட்டுக்கொண்ட மற்ற குழந்தைகள் அவரவர் வீட்டில்தான் கத்துகின்றன, மருந்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாகச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை என்றார். அம்மா அதற்குத் தலையாட்டினாள். அவளுக்கு ஊசி மேல் ஒரு கோபமும் இல்லை. போன வருடம் தெருவில் தட்டம்மை வந்து ஊசி போடாத இரண்டு வீட்டுப் பிள்ளைகள் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, அவள் மகள் வாசலில் பந்தை உருட்டிக்கொண்டிருந்தாள். "ஊசிய நான் குறை சொல்லலீங்க. எம்பொண்ணு கூப்புட்டா எனக்குக் கேக்கணும். அவ்வளவுதான்" என்று அவள் சொன்னதும், வாய்தா அவசரமாக எழுந்து அடுத்த தேதி கேட்டார்.

கடைசியில் தலைவர் நேரிலேயே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். தலைவரும் இரண்டு வக்கீல்களும் நர்ஸம்மாவின் சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். தீர்ப்பாயக் குமாஸ்தா மெக்கானிக் வீட்டுக்குப் போய்க் குழந்தையைச் சிரிக்க வைக்க வேண்டும். வாழ்நாளில் யாரையும் சிரிக்க வைத்திராத மனிதர் அவர். எதிரே குனிந்து நின்றுகொண்டு என்னென்னவோ செய்திருக்கிறார். வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு சமையலறை மூலையிலிருந்து, "அம்மா, இந்த மாமா மூக்குக்குள்ள ஒரே முடி" என்று தெளிவாகக் கேட்டது.

தலைவர் கைக்குட்டையால் முகம் முழுவதையும் மூடிக்கொண்டார். துறையின் வக்கீல் கொதித்து எழுந்து, தீர்ப்பாய ஊழியரை அவமதித்ததைப் பதிவு செய்ய வேண்டும் என்றார். "தாராளமா பண்ணுங்க சார், எங்க கேட்டுதுன்னு பதிவு பண்ணுவீங்க?" என்றார் வாய்தா. "இங்கதான், இந்த மூலையில" என்று சொல்லி முடித்த பிறகே துறையின் வக்கீலுக்குத் தாம் சொன்னது உறைத்தது. வழக்கில் அதுவரை நடந்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

அதன்பின் துறையின் கட்டடப் பிரிவு இன்ஜினியர் வந்தார். கட்டடப் பிரிவு என்பதால் அவர் கட்டடத்தைப் பார்த்தார். மூலைச் சுவரைத் தட்டினார், பூச்சைச் சுரண்டினார், தரையில் காதை வைத்தார். மூலையில் கிடந்த பெட்டியைக் காலால் ஓரமாக நகர்த்திவிட்டுத்தான் இத்தனையும் செய்தார். துறையின் சாமான்கள் எல்லாம் துறையின் பதிவேட்டில் இருக்கும், அந்தப் பெட்டி கண்டம் செய்து உடைத்தாயிற்று என்று பதிவாகிவிட்டதால், துறையைச் சேர்ந்த யார் கண்ணுக்கும் அது படவில்லை. குரல் மேற்படி சுவரைச் சேர்ந்தது என்று அவர் சான்று கொடுத்தார். நர்ஸம்மா அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு உண்மை தெரியும். ஒரு முறை பெட்டியைக் கழுவி மொட்டைமாடியில் காயவைத்தபோது, குழந்தை பாடுவது மாடியிலிருந்து கேட்டது. சொல்லியிருக்கலாம். உடைக்கச் சொன்னதை உடைக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தது தெரிந்தால் வேலை போகும் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய காரணம், காலையில் எழுந்ததும் அந்த வீட்டில் கேட்ட முதல் மனிதக் குரல் அது. அது போய்விட்டால் பிறகு பால்காரரின் சைக்கிள் மணிதான். இன்ஜினியர் போனதும் பெட்டியைப் பழைய மூலைக்கே நகர்த்தி வைத்தார்.

சமரசம் பேச உட்கார்ந்தபோது துறை ஒரு தொகை சொன்னது, வாய்தா அதைப்போல மூன்று மடங்கு சொன்னார். அம்மா இரண்டு பேரையும் நிறுத்தினாள். "எனக்கு அந்த வீடு வேணும். அந்தச் சமையக்கட்டு வேணும்" என்றாள். துறைக்கும் அதுவே லாபமாகப் பட்டது. நர்ஸம்மாவின் வீட்டைத் துறை வாங்கி மெக்கானிக்குக்குக் கொடுப்பது, நர்ஸம்மாவுக்கு ஊரின் மறுகோடியில் குவார்ட்டர்ஸ் கொடுப்பது, யாரும் எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளாமல் வழக்கை முடித்துக்கொள்வது, பிறகு இது குறித்து எக்காலத்திலும் எதுவும் கேட்பதில்லை என்று எழுதிக்கொடுப்பது. நர்ஸம்மா தயங்காமல் சம்மதித்தார், அவர் ஏன் தயங்கவில்லை என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மகளுக்கு அப்போது நாலு வயது.

புது வீட்டுக்குள் அம்மா எந்தச் சாமானையும் பிரிக்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய் மூலையில் உட்கார்ந்து, மகளை எதிரில் உட்கார வைத்து, "பேசும்மா" என்றாள். உதடு அசைந்தது. மூலை சும்மா இருந்தது. பாடச் சொன்னாள், சிரிக்கச் சொன்னாள், கத்தச் சொன்னாள். மகள் சொன்னதையெல்லாம் செய்தாள், இவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மெக்கானிக் இன்ஜினியர் சுரண்டிய இடத்தையே மேலும் சுரண்டினான். வாய்தாவுக்குப் போன் போட்டால், எக்காலத்திலும் கேட்பதில்லை என்று கையெழுத்துப் போட்டாயிற்றே, எக்காலத்துக்குப் பிறகு வாய்தா வாங்க முடியாது என்றார். வீடு கைக்கு வந்தது, எதற்காக வாங்கினாளோ அது வரவில்லை. அம்மா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, இத்தனை வருடம் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள்.

அதே நேரம் ஊரின் மறுகோடியில், பாதி பிரித்த மூட்டைகளுக்கு நடுவே, நீலப் பெட்டி பேசியது. "அம்மா, ஏம்மா அழற?" என்றது. சற்றுக் கழித்து மறுபடி கேட்டது. "அம்மா, இங்க பாரு. நான் பேசறேன், பாரேன்." முகத்தை மூடிக்கொண்டு அழுகிறவளால் உதட்டைப் பார்க்க முடியாது என்று நர்ஸம்மாவுக்குப் புரிந்தது. மிஸ்டு கால் கொடுக்கப் போனை எடுத்தார், கீழே வைத்தார். அவருக்குத் தம்மையே பிடிக்கவில்லை. அப்படியே பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார். வழி முழுக்க அது, "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "பொண்ணா?" என்று மட்டும் விசாரித்தார்.

பழைய வீட்டின் கதவை மெக்கானிக் திறந்தான். நர்ஸம்மா சமையலறைக்குப் போய்ப் பெட்டியை இறக்கி வைத்தார்.

"இதுலதாம்மா இருக்கு. சுவத்துல ஒண்ணும் இல்ல. எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சுதான் எடுத்துட்டுப் போனேன்."

"ஊசி அத்த வந்துட்டாங்க" என்றது பெட்டி.

அம்மா முகத்திலிருந்து கையை எடுத்தாள். மகளைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தான். அவள் அவனைக் கையால் தடுத்துவிட்டுப் பெட்டியின் மூடியைத் திறந்தாள். உள்ளே அடியில் இரண்டு வெங்காயம் கிடந்தது.

"ஏங்க, பச்சப்புள்ள பேசற பெட்டியில போயி வெங்காயம் போட்டு வப்பாங்களா?" என்றாள். அதுதான் அவள் கேட்ட ஒரே கேள்வியாக இருந்திருக்கும், ஆனால் வெங்காயத்தை எடுத்து வெளியே வைத்த பிறகு இன்னொன்றும் கேட்டாள். "ஒரு நாள் வுடாம போன் அடிச்சீங்களே. பசியுமில்ல, அடியுமில்ல. எதுக்கு அடிச்சீங்க?"

நர்ஸம்மாவுக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது.

"அன்னிக்குத்தான் மொத மொதல்ல பேசினா. உங்களுக்குக் கேக்கலியேன்னு மனசு பொறுக்கல. அதான் அடிச்சுட்டே இருந்தேன்."

"யாரக் கூப்புட்டா?"

மெக்கானிக்கும் கேட்டுக்கொண்டுதான் நின்றான்.

"உங்களத்தான்" என்றார் நர்ஸம்மா. "அம்மான்னுதான் சொன்னா."

அவள் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்து, அதன் மூடியில் காதை வைத்துக்கொண்டாள். "அம்மா, பசிக்குது" என்றது பெட்டி. அழுதபடியே எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். நால்வருக்கும் சேர்த்துத்தான் சமைத்தாள், ஆனால் நர்ஸம்மாவிடம் முகம் கொடுத்துப் பேச அவளுக்கு ஒரு வருடம் பிடித்தது. அதன்பிறகு அவள் வாயில் சிஸ்டர் என்பது அக்கா ஆயிற்று.

பெட்டி துறையின் கணக்கில் இல்லாததால் அதைத் திரும்பக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை என்று வாய்தா எழுத்தில் கொடுத்தார், அதற்கு அவர் காசு வாங்கவில்லை. மெக்கானிக் கீலை மாற்றித் தோல் பட்டை வைத்துத் தைத்தான். மகள் அதை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள், வருகைப் பதிவின்போது பெட்டி, "உள்ளேன்" என்றது. நர்ஸம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து மூடியின் ரப்பரைச் சோதித்துவிட்டு, இருட்டும்வரை பேச்சுக் கேட்டுவிட்டுப் போவார். ஓய்வுபெற்ற பிறகு தினமும் வந்தார்.

இப்போது மகள் ஆசிரியை. பெட்டியைக் கடைசி பெஞ்சின் மேல் வைத்துவிட்டு முன்னால் நின்று பாடம் நடத்துகிறாள், அவள் வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரர்கள் பேசிக்கொள்வதில்லை. தேர்வு நாட்களில் கண்காணிப்பு வேலை மட்டும்தான், பேசத் தேவையில்லை. அன்று பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவாள். சாயங்காலம் திரும்பும்போது பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் வாய் மட்டும் அசையும், அந்தத் தடத்தில் வழக்கமாக வருகிறவர்கள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வீட்டில் அம்மா காஜா மெஷினை நிறுத்திக் கேட்பாள். "அம்மா, பாலம் தாண்டிட்டேன்" என்று பெட்டி சொல்லும். அவள் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைப்பாள்.